வீடு வந்தா ரன்வே இல்ல

தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க. அந்த ஜன்னல் சீட்டை எனக்குத் தருவீங்களா? இப்பவே வேண்டாம். இப்ப கீழ வெறும் கடல்தான், நீங்களே வச்சுக்கிடுங்க. இறங்கும்போது மட்டும் போதும். டார்வினுக்குக் கொஞ்சம் முன்னால இடது பக்கம் சாஞ்சு ஒரு திருப்பு திரும்புவான். அப்ப இந்த ஜன்னல்ல ஒரு வீடு தெரியும். அதைப் பாக்கணும்.

சிங்கப்பூர்ல நீங்க போன்ல, "அம்மா, வச்சிருதேன்"னு சொன்னது காதுல விழுந்துது. நம்ம பக்கத்துப் பிள்ளைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். பக்கத்து சீட்டா வேற அமைஞ்சுது. நல்லதாப் போச்சு. எனக்கு சங்கரபாண்டியன்னு பேரு. கோவில்பட்டி. ரயில்வேல ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவன்.

பிளேன்ல ஏறுறது இதுதான் முதல் தடவை. ஆனா டார்வின்ல இறங்குறது முதல் தடவை இல்ல. சிரிக்காதீங்க. தினம் காலையில காப்பியைக் குடிச்சிட்டு, திருச்சியில கிளம்பி டார்வினுக்குப் போவேன். கம்ப்யூட்டர்லதான், நடுவுல உள்ள கடலை ஒரு பட்டனைத் தட்டித் தாண்டிரலாம். பிளைட் சிமுலேட்டர்னு சொல்லுவாங்க. விளையாட்டு மாதிரி, ஆனா விளையாட்டுன்னு சொன்னா எனக்குக் கோபம் வரும். வடிவு அப்படித்தான் சொல்லுவா. "விளையாடி முடிச்சாச்சா?"ன்னு கேப்பா. வடிவுன்னா என் வீட்டுக்காரி. சண்முகவடிவு. டார்வின்லதான் இருக்கா. மக வீட்டுல.

மக பகவதி நர்ஸு. படிச்சு, டார்வின்ல வேலை கிடைச்சுப் போய், அங்கயே ஒருத்தனைப் பாத்துக் கல்யாணமும் பண்ணிக்கிட்டா. வெள்ளைக்காரன். மார்க்னு பேரு. பண்ணி முடிச்சிட்டுத்தான் போட்டோ அனுப்பினா. நான் ஒண்ணும் சொல்லல. கத்தல, வையல. இப்பவரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினது கிடையாது. பேசினாத்தானே கடிஞ்சு பேச. கோபமெல்லாம் கிடையாது தம்பி. பேச விஷயம் இல்ல, அவ்வளவுதான்.

பிறவு அவ மாசமா இருக்கான்னு தெரிஞ்சுது. பிள்ளைப்பேறுக்கு அம்மா வரணும்னு ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு, ரெண்டு பேருக்கும் விசா எல்லாம் அந்தப் பையனே ஏற்பாடு பண்ணிட்டான். நான் சொன்னேன், வடிவு, நீ போ, நான் வீட்டைப் பாத்துக்கிடுதேன்னு. ஏன்னு கேட்டா. வீட்டுல ஒரு ஆள் இருக்கணும்லா? நாங்க எப்பவும் அப்படித்தான். சர்வீஸ்ல இருந்தவரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போனது கிடையாது. அவ போனா நான் டூட்டியில இருப்பேன். எங்க வேலையில அது பாடம். ஒரு லைன்ல ஒரு வண்டி போயிட்டிருக்கும்போது இன்னொரு வண்டியை விட மாட்டோம். ஒண்ணு போய்ச் சேரணும். அடுத்த ஸ்டேஷன்காரன் "வந்துருச்சு, லைன் கிளியர்"னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் அடுத்த வண்டி. அதுவரைக்கும் இது நிக்கணும். நிக்கிறது ஒண்ணும் தப்பு இல்லையே.

திருச்சி ஏர்போர்ட்டுல விட்டுட்டு வந்தேன். கண்ணாடிக் கதவுக்குள்ள போனவ திரும்பிப் பாத்து, "லைன் கிளியர் ஆனதும் வாங்க"ன்னு சொன்னா. கிண்டல்தான். அவளுக்கு என் பாஷை எல்லாம் அத்துப்படி.

வீட்டுக்கு வந்தேன். ஒரு சத்தம் இல்ல. மிக்சியை ஓட்டினா நல்லா இருக்கும்போல இருந்துது. இவ எந்த வழியாப் போறா, எங்க திரும்புறா, கீழ என்ன தெரியும், அதை ஒரு தடவை பாத்துருவோம்னு தோணுச்சு. எட்டயபுரம் ரோட்டுல அந்தோணிராஜ்னு கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான். அவன்தான் இந்த சிமுலேட்டரைப் போட்டுக் குடுத்தான். ஆட்டுறதுக்குக் கைப்பிடி மாதிரி ஒரு ஜாய்ஸ்டிக்கும் குடுத்தான். மொதல்ல எங்கேயாவது முட்டிக்கிட்டுத்தான் நிப்பேன். போகப் போகக் கை வந்துருச்சு.

ஆனா ஒரு குறை. அதுல வாரது அசல் டார்வின் இல்ல. எல்லா வீடும் ஒண்ணுபோல, அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். அசலா வேணும்னா, யாராவது அந்த ஊரை அளந்து செஞ்சு வச்சிருப்பாங்க, அதை இறக்கி ஒரு ஃபோல்டர்ல போடணும். ஆட்-ஆன்னு பேரு. ரெண்டு ஆட்-ஆன் கிடைச்சுது. ஒண்ணு டார்வின் ஏர்போர்ட்டு. ரன்வேல போட்ட வெள்ளைக் கோடு முதக்கொண்டு அப்படியே இருக்கும். இன்னொண்ணு டார்வின் ஊர். மேல இருந்து படம் எடுத்துச் செஞ்சது. தெருத்தெருவா அசலு. பகவதி வீட்டை அதுலதான் கண்டுபிடிச்சேன். வடிவு போன்ல அடையாளம் சொன்னா. "பச்சைத் தகரம், பொறவாசல்ல ஒரு மாமரம், எதுத்தாப்புல ஒரு படகை வண்டியில ஏத்தி நிப்பாட்டியிருக்காங்க." சுத்திச் சுத்திப் பறந்து தேடினேன். படகைப் பாத்ததும் அதுக்கு மேலயே மூணு சுத்து சுத்தினேன் தம்பி. அந்த வீட்டுக்குள்ளதானே அவ இருக்கா.

சரி, வீட்டைப் பாத்தாச்சு, இறங்குவோம்னு போனா, ரன்வே குழிக்குள்ள கிடக்கு. நடு ரன்வேல ரெண்டு மரம், ஒரு குடோன். எப்படி இறங்க? ரெண்டு ஆட்-ஆனும் ரெண்டு பேர் செஞ்சது. ஏர்போர்ட்டுக்காரன் தரை இவ்வளவு உயரம்ங்கிறான். ஊர்க்காரன் இல்ல, அவ்வளவுதான்ங்கிறான். ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கு அடிச்சுக்கிடுதாங்க. ஊர் ஆட்-ஆனை எடுத்துட்டா ரன்வே கண்ணாடி மாதிரி வந்துரும். அழகா இறங்கலாம். ஆனா பகவதி வீடு போயிரும். அந்த இடத்துல ஏதோ ஒரு அச்சு வீடு நிக்கும். படகும் இருக்காது, மாமரமும் இருக்காது. வீடு வந்தா ரன்வே இல்ல. ரன்வே வந்தா வீடு இல்ல. 

என்னல்லாமோ பண்ணிப் பாத்தேன். ஃபோல்டர் பேருக்கு முன்னால இசட் போட்டா அது கடைசியா லோடு ஆகும், கடைசியா வாரதுதான் ஜெயிக்கும்னான் அந்தோணிராஜ். போட்டேன். குடோன் போச்சு, மரம் நிக்கு. மாத்திப் போட்டேன். மரம் போச்சு, பிளேன் சக்கரம் முங்குற அளவுக்குத் தரைக்குள்ள நிக்கு. ஒவ்வொரு தடவையும் மூடித் திறக்கணும். திறக்கிறதுக்குள்ள ஒரு ஈடு இட்லி வெந்துரும். உண்மையாவே ஒரு பக்கம் இட்லியை வச்சிட்டுத்தான் இதைப் பாப்பேன்.

வடிவுகிட்ட தினம் இதான் பேச்சு. இங்க விடியும்போது அங்க வெயில் ஏறியிருக்கும். பிள்ளையைத் தூங்கப் போட்டுட்டுத் துணி காயப்போட பொறவாசலுக்கு வருவா. போனைப் போடுவா. "இன்னைக்காவது இறங்கியாச்சா?" அதான் முதல் கேள்வி. இல்லம்பேன். "பிளேன் எங்க நிக்கு?" உன் தலைக்கு மேலதான் சுத்திக்கிட்டு இருக்கேம்பேன். "நான் கையாட்டுதேன், தெரியுதா?"ம்பா. வடிவு, அதுல ஆள் வராதுடி, வீடும் மரமும்தான் வரும்னு சொல்லுவேன். "ஏன், எதுத்த வீட்டுக்காரன் படகு வருது, நான் வர மாட்டேனாக்கும்? நான் என்ன படகைவிட சின்னதாவா இருக்கேன்?" அவ கொஞ்சம் பருமன், பாத்துக்கிடுங்க. அவளே சொல்லிச் சிரிப்பா. 

பேத்தி பிறந்து, தலை நின்னு, குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பிச்சுட்டா. வடிவுக்கு ஊர் ஞாபகம் வந்துட்டுது. தனியா வரப் பயம். சிங்கப்பூர்ல பிளேன் மாறணும்லா, அங்க தொலைஞ்சு போவேம்பா. "நீங்க வந்து பேத்தியை ஒரு தடவை தூக்கிட்டு, என்னையும் கூட்டிட்டுப் போயிருங்க. உங்க டிக்கெட்டு இன்னும் அப்படியேதான் இருக்காம்." நான் மாட்டேன்னு சொல்லல தம்பி. ஒரு நாளும் சொல்லல. இந்த ஆட்-ஆன் தகராறு தீரட்டும், வாரேன்னுதான் சொன்னேன். "அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"னு கேட்டா. சம்பந்தம் இருக்கு. ஒரு வேலையை எடுத்தா முடிக்கணும். பாதியில விட்டுட்டு வந்தா மனசு இங்கயே கிடக்கும். இதை எப்படி விளக்க? லைன் கிளியர் ஆகட்டும்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கல. "இறங்கியாச்சா?"ன்னு மட்டும் கேப்பா.

அந்தப் பையன் வேற. மார்க்கு. வடிவு அவனை மார்க்கண்டேயன்னு கூப்பிடுதா. "மாப்பிள்ளை தங்கம், எனக்கு ரசம் வச்சுக் குடுத்தாரு"ம்பா. அவன் நிலம் அளக்கிற கம்பெனியில இருக்கான். குட்டி ஹெலிகாப்டர் மாதிரி ஒண்ணைப் பறக்கவிட்டு மேல இருந்து படம் பிடிக்கிற வேலையாம். வடிவு சொல்லிக் குடுத்திருப்பா போல. நான் பேசும்போதெல்லாம் பின்னால நின்னுக்கிட்டு, "மாமா, சாப்டாச்சா?"ம்பான். நான் சிக்னல் இல்ல, சிக்னல் இல்லன்னு வச்சிருவேன். சில நாள் சிக்னல் நெஜமாவே இருக்காது.

ஒரு நாள் வடிவு ஒரு கூத்து சொன்னா. "உங்க மருமகன் என்னை வெயில்ல நிக்கவச்சு, கையைத் தூக்கச் சொல்லி, சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தாரு. தலைக்கு மேல அந்த ஹெலிகாப்டரை வேற பறக்கவிட்டாரு. எதுக்குன்னு கேட்டா சிரிக்காரு. கை வலி எடுத்துட்டுது." எனக்கு வந்த கோபம்! அவளுக்கு நெஞ்சுல படபடப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுதவ. வயசான பொம்பளையை வெயில்ல நிக்கவச்சு என்ன விளையாட்டு? சொல்லணும்னு நெனச்சேன். சொல்லணும்னா அவன்கிட்ட பேசணும். விட்டுட்டேன்.

இந்த சிமுலேட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு நெட்டுல ஒரு குரூப்பு இருக்கு. ரெண்டு ஆட்-ஆனும் முட்டுதேன்னு அதுல அந்தோணிராஜைவிட்டு இங்கிலீசுல எழுதிப் போட்டிருந்தேன். பகவதி வீட்டு அடையாளமும் அதுல உண்டு. எவனும் திரும்பிப் பாக்கல. இதை எதுக்கு வடிவுகிட்ட சொன்னேன்னு தெரியல, சொன்னேன். அவளும் உம் கொட்டிக் கேட்டுக்கிட்டா. கொஞ்ச நாள் கழிச்சு ஒருத்தர் எனக்குன்னே ஒரு ஃபைல் அனுப்பியிருந்தாரு. இதையும் சேர்த்துப் போடுங்க, தரை ஒண்ணாகிரும்னு. யாரோ தங்கமான மனுஷன். பேரு கூடப் போடல. ரெண்டு பேர் சண்டையையும் மூணாவது ஆள் வந்து தீத்து வச்ச மாதிரி. அந்தத் தரை முழுக்க மறுபடி அளந்திருக்காரு. சும்மா வாரதா அது? எத்தனை நாள் உக்காந்தாரோ.

மறுநாள் விடிஞ்சதும் போட்டேன். ரெண்டு ஆட்-ஆனையும் வச்சு, இந்த ஃபைலையும் வச்சு. கிளம்பினேன். டார்வின் வந்துது. திரும்பினேன். ரன்வே தெரியுது. குழி இல்ல, மரம் இல்ல, குடோன் இல்ல. இந்தப் பக்கம் பாத்தா பகவதி வீடு. பச்சைத் தகரம், மாமரம், படகு. எல்லாம் இருக்கு. அப்புறம் பாத்தேன். பொறவாசல்ல ஒரு பொம்பளை நிக்கா. சேலை கட்டி, கையைத் தூக்கிக்கிட்டு.

அப்பதான் போன் அடிச்சுது. ஃப்ரிட்ஜ் மேல கிடந்துது. வடிவுதான், வேற யாரு அந்த நேரத்துல? இறங்கியாச்சான்னு கேக்கப் போறா. இருக்கட்டும், இன்னைக்கு இறங்கிட்டே எடுத்து, "இறங்கியாச்சு வடிவு"ன்னு சொல்லிருவோம்னு நெனச்சேன். அடிச்சு நின்னுது. திரும்ப அடிச்சுது. நான் ஜாய்ஸ்டிக்ல இருந்து கையை எடுக்கல. பூ மாதிரி இறங்கினேன் தம்பி. ஒரு குலுக்கல் இல்ல. நானே கை தட்டிக்கிட்டேன்.

அப்புறம் போனை எடுத்தேன். வடிவு நம்பர்தான். ஆனா பேசினது மார்க்கு. "மாமா"ன்னான். சாப்டாச்சான்னு கேக்கல. "மாமா, மாமா"ன்னான். அதுக்கு மேல தமிழ் தெரியல அவனுக்கு. பின்னால பகவதி அழுற சத்தம் கேட்டுது.

துணி காயப்போட்டுக்கிட்டு இருந்திருக்கா. அப்படியே உக்காந்துட்டாளாம். மரத்தடியில.

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். முதல்லயே போனை எடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. அங்க இருந்தவங்களாலயே ஒண்ணும் செய்ய முடியல, கடல் தாண்டி இருக்கிற நான் என்ன செய்ய? எல்லாரும் அதைத்தான் சொல்லுதாங்க. நானும் அதைத்தான் சொல்லுதேன். அவளை எனக்காக வச்சிருக்காங்க. நான் போய்த்தான் எடுக்கணும். அந்தப் பழைய டிக்கெட்டையே மார்க்கு தேதி மாத்தி அனுப்பியிருந்தான். 

வீட்டுல கம்ப்யூட்டரை அணைக்காம வந்திருக்கேன். திரும்ப மேல ஏத்தி, அந்த வீட்டுக்கு நேரா நிப்பாட்டி வச்சிருக்கேன். அணைச்சு மறுபடி போட்டா, ரெண்டு ஆட்-ஆனும் பழையபடி முட்டிக்கிடுமோன்னு பயம். அந்தப் பொம்பளை இல்லாமப் போயிட்டா? எதுத்த வீட்டுல சாவியைக் குடுத்து, சுவிட்சுல கை வைக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன். கோவில்பட்டியில இப்ப கரண்ட் இருக்குமா தம்பி? மாசத்துக்கு ஒரு நாள் பூரா எடுப்பான். இந்த மாசம் எடுத்துட்டானான்னு ஞாபகம் இல்ல.

என்ன கேக்கீங்க? அந்தப் பொம்பளை என்ன கலர் சேலையா? மஞ்சள். அரக்குக் கரை. கொஞ்சம் பருமன்தான். ஏன்?

யாரு? மார்க்கா? அவனுக்கு எதுக்கு அந்த வேலை? நான் ஒரு நாள் அவன்கிட்ட வாய் திறந்து பேசினதில்ல. அவனுக்கு எப்படி... 

வெயில்ல நிக்கவச்சு சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தான்னு சொன்னா. கையைத் தூக்கச் சொன்னான்னு சொன்னா.

அந்தத் தண்ணி பாட்டிலைக் குடுங்க.

...

இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். அந்த மஞ்சள் சேலை நான் எடுத்துக் குடுத்தது. தீபாவளிக்கு. நல்லாவே இல்ல, தெருவுல போட்ட கலர் கோலம் மாதிரி இருக்குன்னு சொன்னா. அதைப் போய் அவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கா பாருங்க.

சத்தம் மாறுது. இறக்குதான். தம்பி, இப்ப மாறி உக்காருவோமா? காலைப் பாத்து. சரி. மாப்பிள்ளை ஏர்போர்ட்டுக்கு வாராராம். அவரு வந்து என்னத்தக் கேப்பாருன்னு தெரியும். சாப்டாச்சான்னு கேப்பாரு. அவருக்குத் தெரிஞ்ச தமிழ் அதுதான். ஆச்சுன்னு சொல்லணும். என்னவாச்சும் சொல்லணும்.

இந்தா சாயுதான். நான் சொன்னேன்லா? கடல் போச்சு. அது ரோடு. அந்த ரோட்டைப் பிடிச்சே வாங்க. ரன்வே தெரியுது பாருங்க, அங்க. குழி கிழி ஒண்ணும் இல்ல. இப்ப இந்தப் பக்கம்... படகு. படகு இருக்கு தம்பி! பச்சைத் தகரம். அதுதான். அதுதான் வீடு. ரெண்டும் சேர்ந்தே இருக்கு. ஒண்ணோட ஒண்ணு முட்டல. எப்பவும் சேர்ந்துதான் இருந்திருக்கு.

பொறவாசல் தெரியுது. மாமரம். பந்தல் மாதிரி என்னமோ போட்டிருக்காங்க. கொடியில துணி கிடக்கு. அவ போட்ட துணியா இருக்கும், யாரும் எடுக்கல போல.

ஆள் இல்ல.

போயிட்டுது. வீடு பின்னால போயிட்டுது. பெல்ட்டைப் போட்டுக்கிடுங்க, தரை வந்துட்டுது. இப்ப ஒரு குலுக்கு குலுக்குவான். ம். பரவாயில்ல, நல்லாத்தான் இறக்கினான்.

இறங்கியாச்சு தம்பி.

இதை இப்ப நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?